ஆவணம் திறக்க மறுக்கும்போது: லினக்ஸ் சொற்செயலியில் கோப்பு வடிவச் சிக்கல்களை அறிகுறி வாரியாகத் தீர்த்தல்

லினக்ஸ் கணினியில் ஓர் ஆவணத்தைச் சொற்செயலி அடையாளம் காணவில்லை என்ற ஒரே புகாருக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒளிந்திருக்கலாம். கோப்பை எந்த மென்பொருளிடம் ஒப்படைப்பது என்பதில் மேசைத்தளம் (சாளரங்களையும் கோப்புகளையும் கையாளும் வரைகலைச் சூழல்) தவறியிருக்கலாம். சரியான மென்பொருளிடம் போய்ச் சேர்ந்த பிறகும், அந்த வடிவத்தைப் படிக்கும் வடிகட்டி அதனிடம் இல்லாமலோ, இருந்தும் செயல்படாமலோ இருக்கலாம். இவ்விரண்டும் சரியாக இருந்து, கோப்பு மட்டும் தன் பெயர் சொல்லும் வடிவத்தில் இல்லாதிருக்கலாம். பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை சொற்செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவது. கோப்பே பழுதாகியிருந்தால் அதனால் எந்தப் பயனும் இல்லை. பயனரின் அமைப்புகள் தனிக் கோப்புறையில் இருப்பதாலும், மென்பொருளை நீக்கும்போது அந்தக் கோப்புறை நீங்காததாலும், அமைப்புகள் கெட்டுப்போன நிலையிலும் அது பயன்படுவதில்லை. ஆகவே மறு நிறுவலைக் கடைசி வரை தள்ளிப்போட்டு, அறிகுறியிலிருந்து தொடங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

கீழுள்ளவை பெரும்பாலும் லிப்ரெஆபிஸ் என்னும் இலவச அலுவலகத் தொகுப்பின் சொற்செயலியான ரைட்டரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அபிவேர்டு, காலிக்ரா வேர்ட்ஸ் ஆகிய மற்றச் சொற்செயலிகளில் திரைச்செய்திகள் மாறினாலும் கோப்பு தொடர்பான சோதனைகள் அப்படியே பொருந்தும்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

கோப்பை வேறொரு கோப்புறைக்கு நகலெடுத்துக்கொண்டு, இனிமேல் நகலில் மட்டுமே வேலை செய்யவும். பிறகு முனையத்தைத் திறந்து, ‘ஃபைல்’ என்னும் கட்டளையைக் கோப்பின் பெயரோடு சேர்த்து இயக்கவும். இந்தக் கட்டளை பெயரின் பின்னொட்டைப் பொருட்படுத்தாமல், கோப்பின் உள்ளே இருக்கும் முதல் சில பைட்டுகளைப் படித்து அது என்ன வடிவம் என்று கூறும். பின்னொட்டு என்பது யாரும் எப்போதும் மாற்றி எழுதக்கூடிய ஒரு பெயர்ச்சீட்டு மட்டுமே. அந்த முதல் பைட்டுகளே உண்மையான அடையாளம்.

விடையை எப்படிப் படிப்பது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மைக்ரோசாஃப்ட் வேர்டின் டாக்எக்ஸ், லிப்ரெஆபிஸின் ஓடிடி ஆகிய இரண்டு ஆவண வடிவங்களும் உள்ளுக்குள் ஜிப் தொகுப்புகள் (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாக்கியவை). ஆகவே அவை ‘பி’, ‘கே’ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும். ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகள் அவை. வேர்டின் பழைய டாக் வடிவம் ‘டி0, சிஎஃப், 11, இ0’ என்ற பதினறும எண்களோடு தொடங்கும். ‘ஃபைல்’ கட்டளை அதைக் கூட்டு ஆவணக் கோப்பு, இரண்டாம் பதிப்பு என்று கூறும். ஆர்டிஎஃப் ஒரு நெளிவு அடைப்புக்குறியோடும், பிடிஎஃப் ஒரு சதவீதக் குறியோடும் தொடங்கும். டாக்எக்ஸ் கோப்பு மைக்ரோசாஃப்ட் வேர்ட் 2007 அல்லது அதற்குப் பிந்தியது என்று காட்டப்படுவது வழக்கம். வேறு மென்பொருள்கள் உருவாக்கிய டாக்எக்ஸில் உள்கோப்புகளின் வரிசை மாறியிருந்தால் வெறும் ஜிப் தொகுப்பு என்றே வரக்கூடும். அதை மட்டும் வைத்துக் கோப்பு பழுது என்று முடிவு செய்யக் கூடாது. எச்டிஎம்எல் ஆவணம், வெற்றுக் கோப்பு, வெறும் தரவு என்ற மூன்று விடைகளில் ஒன்று வந்தால், கோளாறு சொற்செயலியில் இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லிவிடலாம்.

அறிகுறி: இரட்டைச் சொடுக்கில் வேறொரு மென்பொருள் திறக்கிறது

டாக்எக்ஸ் கோப்பைச் சொடுக்கினால் ஜிப் தொகுப்பு மேலாளர் திறந்து, உள்ளே உள்ள கோப்புறைகளைப் பட்டியலிடுகிறது. அல்லது உரைத் திருத்தி திறக்கிறது. அல்லது இவ்வகைக் கோப்புக்குரிய பயன்பாடு எதுவும் இல்லை என்ற செய்தி வருகிறது. இப்போது ரைட்டரைத் தனியே திறந்து, கோப்புப் பட்டியிலுள்ள திறத்தல் கட்டளை வழியாக அதே ஆவணத்தைத் தேர்ந்தெடுக்கவும். அது சரியாகத் திறந்தால் சொற்செயலியிலும் கோப்பிலும் குறை எதுவும் இல்லை. குறை மேசைத்தளத்தின் வகை இணைப்பில் இருக்கிறது.

வகை இணைப்பு இரண்டு படிகளாக நடக்கிறது. முதலில் கோப்பின் மைம் வகை (அதன் உள்ளடக்க வகையைக் குறிக்கும் பெயர்) என்ன என்று மேசைத்தளம் தீர்மானிக்கிறது. பிறகு அந்த வகைக்கு எந்த மென்பொருள் என்று பார்க்கிறது. ‘எக்ஸ்டிஜி-மைம்’ கட்டளையோடு ‘குவெரி ஃபைல்டைப்’ என்று சேர்த்துக் கோப்பின் பெயரைத் தந்தால் முதல் படியின் விடை கிடைக்கும். அங்கே ஜிப் என்று வந்தால், மைம் தரவுத்தளம் டாக்எக்ஸைப் பிரித்தறியவில்லை என்று பொருள். ‘ஷேர்டு-மைம்-இன்ஃபோ’ என்ற பொதி (நிறுவக்கூடிய மென்பொருள் மூட்டை) நிறுவப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். மற்றோர் அலுவலகத் தொகுப்பை ஒருமுறை நிறுவி நீக்கியிருந்தால், அது விட்டுச்சென்ற வகை வரையறைகள் முகப்பு அடைவின் (பயனரின் சொந்தக் கோப்புறையின்) ‘.லோக்கல்’, ‘ஷேர்’, ‘மைம்’, ‘பேக்கேஜஸ்’ என்ற கோப்புறை வரிசைக்குள் கிடக்கக்கூடும். அவற்றை அகற்றிவிட்டு, ‘அப்டேட்-மைம்-டேட்டாபேஸ்’ கட்டளையை அந்த ‘மைம்’ கோப்புறையின் மீது இயக்க வேண்டும்.

முதல் படி சரியாக இருந்து இரண்டாவது தவறியிருந்தால் தீர்வு எளிது. கோப்பு மேலாளரில் ஆவணத்தின் மீது வலச்சொடுக்கிட்டு, பண்புகளில் ரைட்டரை இயல்புநிலைப் பயன்பாடாக்கினால் போதும். அந்தத் தேர்வு முகப்பு அடைவின் ‘.கான்ஃபிக்’ கோப்புறையில் ‘மைம்ஆப்ஸ்.லிஸ்ட்’ என்ற உரைக்கோப்பில் ஒரு வரியாகப் பதிவாகும். நீக்கப்பட்ட மென்பொருளின் பெயர் அங்கே இன்னும் இருந்தால் அந்த வரியை அழித்துவிடலாம்.

அறிகுறி: லிப்ரெஆபிஸ் திறக்கிறது, ஆவணம் திறக்கவில்லை

லிப்ரெஆபிஸின் தொடக்க மையம் மட்டும் தோன்றி, அதில் ரைட்டர் ஆவணம் உருவாக்கும் பொத்தான் மங்கலாகவோ செயலற்றோ இருந்தால், அந்தப் பகுதியே நிறுவப்படவில்லை. டெபியன், உபுண்டு உள்ளிட்ட லினக்ஸ் வழங்கல்களில் லிப்ரெஆபிஸ் பல பொதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விரிதாளுக்காகக் கால்க்கை மட்டும் நிறுவியவரிடம் அடிப்படை நிரல்கள் எல்லாம் இருக்கும். டாக், டாக்எக்ஸ், ஆர்டிஎஃப் ஆகியவற்றைப் படிக்கும் வடிகட்டிகள் ரைட்டர் பொதியோடுதான் வரும். ‘லிப்ரெஆபிஸ்-ரைட்டர்’ என்ற பொதியை நிறுவினால் சிக்கல் தீர்ந்துவிடும்.

அறிகுறி: உரை இறக்குமதி உரையாடல் தோன்றுகிறது, அல்லது பக்கம் முழுவதும் புரியாத குறிகள்

புகார்களில் அதிகம் பதற வைப்பது இதுதான். லிப்ரெஆபிஸ் ஒரு கோப்பைத் திறக்கும்போது, தனக்குத் தெரிந்த வடிவங்கள் ஒவ்வொன்றோடும் அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது. எதனோடும் பொருந்தாவிட்டால், கடைசி முயற்சியாக அதை வெற்று உரை என்று எடுத்துக்கொண்டு, எந்த எழுத்துக் குறியாக்கம் என்று கேட்கும் பெட்டியைக் காட்டுகிறது. அந்தப் பெட்டி வந்ததும் வெவ்வேறு குறியாக்கங்களை மாற்றி மாற்றி முயல்வது வீண். அந்தப் பெட்டியை மூடி, எந்த மாற்றத்தையும் சேமிக்காமல் வெளியேறவும். அங்கே சேமித்துவிட்டால் கோப்பில் மீட்கத்தக்கதாக இருந்த பகுதியும் உரையாக மாற்றி எழுதப்பட்டு அழிந்துவிடும்.

அடுத்து, திரையில் கண்டது என்ன என்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

பக்கம் முழுவதும் ஒரே ‘#’ குறி வரிசையாக நிறைந்திருந்தால், கோப்பு முழுவதும் பூச்சிய பைட்டுகளால் நிரம்பியிருக்கிறது. சேமிக்கும் தறுவாயில் மின்சாரம் நின்றாலோ, தரவு முழுமையாக எழுதப்படும் முன் யுஎஸ்பி நினைவகத்தைப் பிடுங்கினாலோ, கோப்பு முறைமை கோப்பின் பெயரையும் அளவையும் பதிந்துவிட்டு உள்ளடக்கத்தை எழுதாமலே விட்டிருக்கும். அளவு மட்டும் பார்த்தால் எல்லாம் நலமாகவே தெரியும். அதனால்தான் பலர் இதை வடிவச் சிக்கல் என்றே எண்ணிவிடுகிறார்கள். கோப்பின் பைட்டுகளை எண்களாகக் காட்டும் ‘ஓடி’ (od) கட்டளையை இயக்கி, முதல் வரிக்குப் பிறகு ஒரு நட்சத்திரக் குறியும் கோப்பின் இறுதி முகவரியும் மட்டும் வந்தால், கோப்பு முழுக்க ஒரே மதிப்புதான் இருக்கிறது. அந்தக் கோப்பிலிருந்து மீட்க ஒன்றும் இல்லை. பழுது பார்ப்பதாகச் சொல்லும் எந்த மென்பொருளும் இல்லாததை உருவாக்கித் தர முடியாது. இதற்குப் பணம் கேட்கும் சேவைகளிடம் போகாமலிருப்பது நல்லது. தனிப்பட்ட ஆவணங்களை முகம் தெரியாத தளங்களில் ஏற்றுவதையும் நான் பரிந்துரைப்பதில்லை. தேட வேண்டிய இடம் காப்பு நகல்கள். முகப்பு அடைவின் ‘.கான்ஃபிக்’ கோப்புறைக்குள் ‘லிப்ரெஆபிஸ்’, அதற்குள் ‘4’, ‘யூசர்’, ‘பேக்கப்’ என்று வரிசையாகச் செல்லவும். மூல ஆவணம் இருந்த கோப்புறையிலும் ‘.பாக்’ என்று முடியும் கோப்பைத் தேடவும். லிப்ரெஆபிஸ் 24.2 பதிப்பு முதல் காப்பு நகல் எடுத்தல் இயல்பாகவே இயக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் விருப்பங்களுக்குள் சென்று நாமே இயக்கியிருந்தால்தான் கிடைக்கும்.

முதல் வரியில் ‘பி’, ‘கே’ எழுத்துகளும் அதன் பின் கட்டங்களும் விசித்திரக் குறிகளுமாக இருந்தால், ஜிப் தொகுப்பின் தலை இருக்கிறது, வால் அறுந்திருக்கிறது. ஜிப் வடிவத்தில் உள்கோப்புகளின் அட்டவணை கோப்பின் இறுதியில் எழுதப்படுகிறது. பதிவிறக்கம் பாதியில் நின்றால், உள்ளடக்கத்தில் பெரும்பகுதி வந்து சேர்ந்திருந்தாலும் அட்டவணை வந்திருக்காது. அது இல்லாததால் சொற்செயலி முழுக் கோப்பையும் அடையாளம் காண மறுக்கிறது. இங்கே முதல் தீர்வு மீண்டும் பதிவிறக்குவதே. அது முடியாதபோது, ‘அன்ஜிப்’ கட்டளையைச் சோதனைக்குரிய ‘-டி’ (-t) விருப்பத்தோடு இயக்கிப் பழுதின் அளவை அறியவும். பின்னர் ‘ஜிப்’ கட்டளையை இரட்டைப் பெரிய ‘எஃப்’ விருப்பத்தோடு இயக்கினால், அது கோப்பு முழுவதையும் வருடி, கண்டெடுத்த உள்கோப்புகளைக் கொண்டு புதிய அட்டவணை அமைத்து வேறொரு கோப்பாகத் தரும். டாக்எக்ஸில் நாம் காப்பாற்ற வேண்டியது ‘வேர்ட்’ கோப்புறைக்குள் இருக்கும் ‘டாக்யுமென்ட்.எக்ஸ்எம்எல்’, ஓடிடியில் ‘கன்டென்ட்.எக்ஸ்எம்எல்’. ஆவணத்தின் முதன்மை உரை இவற்றில்தான் இருக்கிறது. ஆவணம் பழைய தோற்றத்தோடு திறக்காவிட்டாலும், இந்த ஒரு கோப்பைப் பிரித்தெடுத்து, கோண அடைப்புக்குள் இருக்கும் குறிச்சொற்களை நீக்கினால் எழுதிய சொற்கள் கைக்கு வந்துவிடும்.

திரையில் கோண அடைப்புகளும் ‘எச்டிஎம்எல்’ என்ற சொல்லும் தெரிந்தாலோ, ஆவணத்துக்குப் பதிலாக ஓர் உள்நுழைவுப் பக்கம் திறந்தாலோ, பதிவிறக்கியது ஆவணமே அல்ல. இணையதளத்தின் அமர்வு காலாவதியான பிறகு இணைப்பைச் சொடுக்கியிருப்பார்கள். தளம் உள்நுழைவுப் பக்கத்தை அனுப்ப, உலாவி அதை டாக்எக்ஸ் என்ற பெயரில் சேமித்திருக்கும். மீண்டும் உள்நுழைந்து பதிவிறக்குவதே வழி. ஆனால் எச்டிஎம்எல் என்று வந்ததெல்லாம் தவறான கோப்பு என்றும் கொள்ள வேண்டாம். சில வலைச் செயலிகள் தம் அறிக்கைகளை எச்டிஎம்எல்லாக உருவாக்கி, டாக் என்று பின்னொட்டு இட்டு அனுப்புகின்றன. அவற்றின் பின்னொட்டை எச்டிஎம்எல் என்று மாற்றித் திறந்து, ஓடிடியாகச் சேமித்துக்கொள்ளலாம். ஆர்டிஎஃப் கோப்புக்கு டாக் என்று பெயரிட்டிருந்தாலோ கவலையே இல்லை. ரைட்டர் உள்ளடக்கத்தைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும்.

அறிகுறி: கோப்பு பழுதடைந்துள்ளது, பழுது நீக்கவா என்று கேட்கிறது

நகலின் மீதுதான் வேலை செய்கிறோம் என்றால் ஆம் என்று சொல்லிப் பார்க்கலாம், இழப்பதற்கு ஒன்றுமில்லை. அது தோற்றால், கோப்பை யாராவது பிரித்து மீண்டும் சுருக்கினார்களா என்று கேட்கவும். ஓடிடி ஒரு ஜிப் தொகுப்புதான் என்று தெரிந்தவர்கள், உள்ளே ஒரு படத்தையோ சொல்லையோ மாற்றிவிட்டு, கோப்பு மேலாளரின் வலச்சொடுக்கில் முழுக் கோப்புறையையும் சுருக்கிவிடுவார்கள். அப்போது எல்லா உள்கோப்புகளும் ஒரு மட்டம் கீழே, அந்தக் கோப்புறையின் பெயருக்குள் போய்விடும்; சொற்செயலி தான் தேடும் இடத்தில் எதையும் காணாது. கோப்புறையின் உள்ளே சென்று, உள்ளடக்கத்தை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுருக்க வேண்டும். ஓடிடிக்கு இன்னொரு விதியும் உண்டு: ‘மைம்டைப்’ என்னும் சிறு கோப்பு தொகுப்பின் முதல் உறுப்பாக, சுருக்கப்படாமல் இருக்க வேண்டும். ஆகவே ‘ஜிப்’ கட்டளையை ‘-0’, பெரிய ‘-எக்ஸ்’ விருப்பங்களோடு அந்த ஒரு கோப்புக்கு மட்டும் முதலில் இயக்கிவிட்டு, மற்றவற்றை அடுத்த கட்டளையில் சேர்க்கவும்.

கையால் திருத்தியவரின் எக்ஸ்எம்எல்லில் ஒரு மூடும் குறிச்சொல் விடுபட்டிருந்தாலும் ஆவணம் திறக்காது. ‘எக்ஸ்எம்எல்லின்ட்’ கட்டளையை ‘--நோஅவுட்’ விருப்பத்தோடு இயக்கினால் எந்த வரியில் பிழை என்று சொல்லிவிடும்.

அறிகுறி: பொதுவான உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, அனுமதி மறுப்பு, கோப்பே இல்லை என்ற செய்தி

கண்முன்னே இருக்கும் கோப்பை இல்லை என்று சொற்செயலி சொன்னால், அது பொய் சொல்லவில்லை. அதன் பார்வைக்கு அந்தக் கோப்பு எட்டவில்லை. லிப்ரெஆபிஸை ஸ்னாப் (மென்பொருளைத் தனித்து இயக்கும் ஒரு பொதி வகை) வடிவில் நிறுவியிருந்தால் அது ஒரு வேலிக்குள் இயங்குகிறது. முகப்பு அடைவில் புள்ளியில் தொடங்கும் மறைந்த கோப்புறைகளை அதனால் படிக்க முடியாது. கணினியின் ‘டெம்ப்’ கோப்புறைக்குப் பதிலாகத் தனக்கென ஒன்றை வைத்துக்கொள்கிறது. எனவே மின்னஞ்சல் செயலி அங்கே இறக்கி வைத்த இணைப்பை நேரடியாகத் திறக்க முயன்றால் கோப்பு இல்லை என்ற செய்தி வரும். முதலில் ஆவணங்கள் கோப்புறையில் சேமித்துவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. யுஎஸ்பி நினைவகத்திலுள்ள கோப்புகளுக்கு, ‘ஸ்னாப் கனெக்ட்’ கட்டளையால் லிப்ரெஆபிஸுக்கு ‘ரிமூவபிள்-மீடியா’ என்ற இணைப்பை ஒருமுறை அளித்தால் போதும்.

டெபியன் குடும்பத்தில் இதைவிட வினோதமான ஒன்று உண்டு. ஆப்ஆர்மர் என்பது ஒரு மென்பொருள் எவற்றைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் பாதுகாப்பு அமைப்பு. லிப்ரெஆபிஸுக்கென வரும் அதன் விதித்தொகுப்பு நடைமுறையில் இருந்தால், முகப்பு அடைவில் எந்தெந்தப் பின்னொட்டுள்ள கோப்புகளைத் தொடலாம் என்ற பட்டியலின்படியே அனுமதி கிடைக்கும். பட்டியலில் இல்லாத பின்னொட்டையோ பின்னொட்டே இல்லாத பெயரையோ கொண்ட கோப்பு, உள்ளே முழுமையான டாக்எக்ஸாகவே இருந்தாலும் மறுக்கப்படலாம். ‘ஏஏ-ஸ்டேட்டஸ்’ கட்டளை அந்த விதித்தொகுப்பு நடைமுறையில் உள்ளதா என்று காட்டும். கணினிப் பதிவேட்டில் மறுப்பு வரி இருந்தால் காரணம் உறுதி. கோப்புக்கு வழக்கமான பின்னொட்டைக் கொடுத்துவிடுவதே சுருக்கமான தீர்வு. விதித்தொகுப்பையே முடக்குவது இந்த அளவுச் சிக்கலுக்கு மிகை.

வலையமைப்புப் பகிர்விலோ, கம்பிவழி இணைத்த கைபேசியிலோ இருக்கும் கோப்பை நேரடியாகத் திறக்கும்போது பிழை வந்தால், உள்வட்டுக்கு நகலெடுத்துத் திறந்து பார்க்கவும். அப்போது திறந்தால் வடிவத்தைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை.

கோப்பின் பெயர் அலைக்குறியும் டாலர் குறியுமாகத் தொடங்கினால் அது ஆவணமே அல்ல. வேர்டில் யாரோ ஆவணத்தைத் திறந்திருந்தபோது உருவான அடையாளக் கோப்பு. சில நூறு பைட்டுகளைத் தாண்டாது. உண்மையான ஆவணத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி: மற்றவர் கணக்கில் திறக்கிறது, என் கணக்கில் மட்டும் இல்லை

அதே கணினி, அதே கோப்பு, வேறு பயனர் கணக்கு என்று ஒப்பிட்டுப் பார்ப்பது மிகவும் பயனுள்ள சோதனை. மற்றவர் கணக்கில் திறந்தால், உங்கள் பயனர் சுயவிவரமே கெட்டிருக்கிறது. வடிகட்டி அமைப்புகளையோ நீட்சிகளையோ பதிந்துள்ள கோப்பு சிதைந்திருக்கலாம். உதவிப் பட்டியில் உள்ள பாதுகாப்பு முறையில் மறுதொடக்கம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும், அல்லது முனையத்தில் ‘எஸ்ஆபிஸ்’ கட்டளையை ‘--சேஃப்-மோட்’ விருப்பத்தோடு இயக்கவும். அந்த நிலையில் ஆவணம் திறந்தால், முதலில் நீட்சிகளை மட்டும் முடக்கிப் பார்க்கவும். அதற்கும் சரியாகாவிட்டால், லிப்ரெஆபிஸை முழுவதும் மூடிவிட்டு, மேலே சொன்ன ‘4’ என்ற கோப்புறைக்குள் இருக்கும் ‘யூசர்’ கோப்புறையின் பெயரை மாற்றவும். அடுத்த முறை திறக்கும்போது புதியது உருவாகும். பழையதை அழிக்க வேண்டாம். நீங்கள் சேர்த்த சொற்களின் அகராதியும் வார்ப்புருக்களும் அதற்குள் இருக்கின்றன, அவற்றை மட்டும் பின்னர் எடுத்துக்கொள்ளலாம். மென்பொருள் பதிப்பு எவ்வளவோ முன்னேறிவிட்ட பிறகும் அந்தக் கோப்புறையின் பெயர் ‘4’ என்றே நின்றுவிட்டதைக் கண்டு, பழைய பதிப்பின் மிச்சம் என்று எண்ணி நீக்கிவிடுபவர்களும் உண்டு. ஸ்னாப் போன்ற மற்றொரு பொதி வகையான ஃபிளாட்பேக் வடிவில் நிறுவியவர்கள் இந்தக் கோப்புறையை முகப்பு அடைவின் ‘.வார்’ என்பதற்குள்ளும், ஸ்னாப் பயன்படுத்துவோர் ‘ஸ்னாப்’ கோப்புறைக்குள்ளும் தேட வேண்டும்.

அறிகுறி: டாக்எக்ஸ் என்கிறது பெயர், கூட்டு ஆவணம் என்கிறது சோதனை

‘ஃபைல்’ கட்டளை, ஜிப்புக்குப் பதிலாக, மறைகுறியாக்கம் செய்யப்பட்ட கூட்டு ஆவணக் கோப்பு என்று சொன்னால், அந்த டாக்எக்ஸுக்குக் கடவுச்சொல் இடப்பட்டிருக்கிறது. வேர்ட் கடவுச்சொல்லிடும்போது முழு ஜிப் தொகுப்பையும் மறைகுறியாக்கம் செய்து, பழைய டாக்கின் உறைக்குள் வைத்துவிடுகிறது. லிப்ரெஆபிஸ் இதை அறிந்து கடவுச்சொல்லைக் கேட்கும். இலகுவான சொற்செயலிகள் பலவும் கோப்பு தெரியாத வடிவம் என்று கைவிரித்துவிடும். கடவுச்சொல் கேட்காமலே மறுக்கிறது என்றால், நிறுவன உரிமை மேலாண்மைக்கு உட்பட்ட கோப்பாக இருக்கலாம். அதன் திறவுகோல் அந்த நிறுவனத்தின் சேவையகத்தில் இருப்பதால், அனுப்பியவரிடம் பாதுகாப்பற்ற நகலைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: பின்னொட்டே புதியதாக இருக்கிறது

இவற்றை விரைவாகவே கடந்துவிடலாம். ‘ஜிடாக்’ என்பது கூகுள் ஆவணத்துக்கான சுட்டி மட்டுமே, உள்ளே உரை ஒன்றும் கிடையாது. இணையத்தில் அந்த ஆவணத்தைத் திறந்து ஓடிடியாகவோ டாக்எக்ஸாகவோ பதிவிறக்க வேண்டும். ‘வின்மெயில்.டேட்’ என்பது அவுட்லுக் அனுப்பும் மின்னஞ்சல் உறை. ‘டிஎன்இஎஃப்’ என்னும் கருவியால் பிரித்தால் உண்மையான இணைப்புகள் வெளிவரும். ‘டபிள்யூபிடி’ வேர்ட்பர்ஃபெக்ட்டினுடையது, ரைட்டர் அதை நன்றாகவே படிக்கும். ‘டபிள்யூபிஎஸ்’ மட்டும் குழப்பமானது: மைக்ரோசாஃப்ட் வொர்க்ஸும் கிங்சாஃப்ட்டின் சொற்செயலியும் ஒரே பின்னொட்டை வெவ்வேறு வடிவங்களுக்கு வைத்திருக்கின்றன. இரண்டில் எது என்று தெரியாதபோது, பின்னொட்டை டாக் என்று மாற்றித் திறந்து பார்ப்பது பல நேரம் பலன் தரும்.

ஆப்பிளின் ‘பேஜஸ்’ ஆவணத்தைத் திறக்கும் நூலகம் லிப்ரெஆபிஸில் இருந்தாலும், புதிய பதிப்புகளில் உருவானவை குறைபாட்டோடு திறக்கலாம், அல்லது திறக்காமலே போகலாம். அதுவும் ஒரு ஜிப் தொகுப்பே என்பதால், பிரித்துப் பார்த்தால் உள்ளே முன்னோட்டப் படமோ, பழைய பதிப்பானால் சில நேரம் முழு பிடிஎஃப் முன்னோட்டமோ கிடைக்கும். படிப்பதற்கு அது போதும். இந்த அரிய வடிவங்களைப் படிக்கும் நூலகங்களில் பல, லிப்ரெஆபிஸை நடத்தும் ஆவண அறக்கட்டளை 2014ஆம் ஆண்டு தொடங்கிய ஆவண விடுதலைத் திட்டத்தின் கீழ் வளர்பவை. ஆகவே பழைய லிப்ரெஆபிஸ் மறுத்த கோப்பைப் புதிய பதிப்பு திறப்பது வழக்கமானதே. நீண்ட கால ஆதரவுள்ள வழங்கலில் இருப்பவர்கள், கணினியின் பதிப்பைத் தொடாமல் ஃபிளாட்பேக் வழியாகப் புதிய லிப்ரெஆபிஸை நிறுவி முயன்று பார்க்கலாம்.

அறிகுறி: ஆவணம் திறக்கிறது, தமிழ் மட்டும் படிக்க முடியவில்லை

அம்மா என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘எம்’, ‘கே’, அரைப்புள்ளி, மீண்டும் ‘கே’, ‘எச்’ என்ற ஆங்கிலக் குறிகள் வரிசையாக நின்றால், அது பாமினி எழுத்துருவில் தட்டப்பட்ட ஆவணம். இங்கே கோப்பு வடிவத்தைச் சொற்செயலி சரியாகவே அடையாளம் கண்டிருக்கிறது. உரை யூனிகோடில் இல்லாமல், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து காட்டும் பழைய எழுத்துருவை நம்பி எழுதப்பட்டிருக்கிறது. டிஸ்கி, டாம், டாப் ஆகிய பழைய தமிழ்க் குறியாக்கங்களில் எழுதியவற்றில் வேறு வகைக் குறிகள் தெரியும். உரையைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருப் பெட்டியில் வரும் பெயரைப் பார்த்தால் எந்த எழுத்துரு என்பது தெரிந்துவிடும். கணினியில் இல்லாத எழுத்துருவின் பெயர் அங்கே சாய்ந்த எழுத்தில் இருக்கும். அந்த எழுத்துருவை முகப்பு அடைவின் ‘.லோக்கல்’, ‘ஷேர்’, ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையில் இட்டால் படிக்கலாம். தேடவும் திருத்தவும் வேண்டுமென்றால் யூனிகோடு மாற்றியில் மாற்றியே ஆக வேண்டும். ஆங்கிலம் கலந்த ஆவணத்தை மொத்தமாக மாற்றியில் கொடுத்தால் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகச் சிதையும். தமிழ்ப் பகுதிகளை மட்டும் பிரித்துக் கொடுக்கவும்.

மேற்சொன்ன எதுவும் பொருந்தாதபோது

கட்டளை வரியில் மாற்ற முயல்வது ஒரு நல்ல குறுக்குச் சோதனை. திறந்திருக்கும் லிப்ரெஆபிஸ் சாளரங்களை எல்லாம் மூடிவிட்டு, ‘எஸ்ஆபிஸ்’ கட்டளையை ‘--ஹெட்லெஸ்’, ‘--கன்வர்ட்-டு’ விருப்பங்களோடு, ஓடிடி என்ற இலக்கு வடிவத்தையும் கோப்பின் பெயரையும் தந்து இயக்கவும். வரைகலைச் சாளரத்தில் மறைந்துபோகும் பிழைச்செய்தி முனையத்தில் தெரியும். ஏற்கெனவே ஒரு சாளரம் திறந்திருந்தால் எந்தச் செய்தியும் இன்றிக் கட்டளை முடிந்துவிடக்கூடும் என்பதால்தான் முதலில் மூடச் சொல்கிறேன்.

கோப்பு வேர்டில் பிழையின்றித் திறந்து, புதிய லிப்ரெஆபிஸில், பாதுகாப்பு முறையிலும், திறக்கவில்லை என்றால் அது வடிகட்டியின் வழுவாகவே இருக்கும். அதை ஆவண அறக்கட்டளையின் வழுப் பதிவுத் தளமான பக்ஸில்லாவில் பதியலாம். உதவிப் பட்டியில் உள்ள அறிமுகப் பெட்டியிலிருந்து பதிப்புத் தகவலை முழுமையாக நகலெடுத்துச் சேர்க்கவும். கோப்பை இணைக்காத வழு அறிக்கையால் உருவாக்குநருக்குப் பயன் குறைவு. ஆனால் அங்கே இணைப்பவை யாவும் எவரும் பார்க்கக்கூடியவை. ஆகவே வேர்டில் அந்த ஆவணத்தின் ஒரு நகலைத் திறந்து, பெயர்களையும் தனிச் செய்திகளையும் நீக்கி, பக்கங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து, சிக்கல் இன்னும் தோன்றும் மிகச் சிறிய கோப்பை மட்டும் இணைக்கவும். எந்தப் பகுதியை நீக்கியதும் கோப்பு திறக்கத் தொடங்குகிறதோ, அந்த அட்டவணையையோ படத்தையோ அறிக்கையில் குறிப்பிடவும்.